குண்டூசி மாஸ்டர் விழுங்கியது

அந்தத் தெருவில் கோட்டு தைக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு கடைதான். கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. எல்லோருக்கும் அது குண்டூசி மாஸ்டர் கடை. கடை திறந்ததும் மாஸ்டர் வாயின் இடது ஓரத்தில் செருகிக்கொள்ளும் குண்டூசிகள், கடை சாத்தும்போதுதான் வெளியே வரும். நடுவில் சாப்பாட்டு வேளைக்கு மட்டும் அவற்றுக்கு விடுமுறை. டீக்குக்கூடக் கிடையாது. ஊசிகளை நாக்கால் இடது கன்னத்துக்குள் ஒதுக்கிவிட்டு வலது ஓரமாக டீயை உறிஞ்சும் வித்தை அவருடையது. அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது மாஸ்டரின் சொந்தக் கண்டுபிடிப்பு, அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

இத்தனை வருடம் ஊசியை வைத்து வைத்து வாயே ஒரு பக்கம் லேசாக இழுத்துக்கொண்டுவிட்டது. அடையாள அட்டைக்குப் படம் எடுத்தவர் "நேரா வாயை வைங்க" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத் தன் கேமராவைச் சாய்த்துக்கொண்டார்.

வாயில் ஊசி இருந்தால் பேச முடியாது. தொழிலுக்கு இது எவ்வளவு வசதி என்பது கடை வைத்தவர்களுக்குத்தான் தெரியும். "எப்ப கிடைக்கும் மாஸ்டர்?" என்று வாடிக்கையாளர் கேட்பார். மாஸ்டர் "ம்" என்பார். நாளைக்கு என்று நினைத்துக்கொண்டு அவர் சந்தோஷமாகப் போவார். நாளைக்கு வந்து "என்ன மாஸ்டர், இன்னும் ஆகலையா?" என்று கேட்டால் அதற்கும் "ம்". சண்டை போடலாம் என்றால் எதிராளி ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டாமா? மாஸ்டர் சொன்ன தேதியில் கொடுக்கவில்லை என்று அவரை யாரும் குற்றம் சொன்னதே இல்லை. அவர் தேதியே சொன்னதில்லை.

மனைவி விஷயத்தில் இந்த ஊசிகள் இன்னும் நன்றாக உழைத்தன. கடையின் பின்னறையில் காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் ஓரம் அடிப்பதும் அவள் வேலை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு பல்பு உண்டு. கடையின் முன்பக்கத்தில் பெரிய கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. காலை முதல் சாயங்காலம் வரை வெளிச்சம் கொட்டும். அந்த வெளிச்சத்தில் ஒரு பொம்மை, யாரும் வாங்காத சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு, ராஜா மாதிரி நின்றது. "அந்தப் பொம்மையை உள்ள தள்ளிட்டு என் மெஷினை அங்க போடுங்களேன். கறுப்புத் துணியில கறுப்பு நூல் கோக்கறதுக்குள்ள கண்ணு ரெண்டும் போயிடுது" என்பது அவளுடைய விண்ணப்பம். எப்போது முதல் கேட்கிறாள் என்று சொல்ல வேண்டுமானால், பொம்மைக்கு அப்போது மூக்கு முழுசாக இருந்தது.

அவள் பின்னறையிலிருந்து அந்த விண்ணப்ப முகத்தோடு வருவது தெரிந்தாலே, வாயில் இருக்கிற ஊசிகள் போதாதென்று மாஸ்டரின் கை தானாக ஊசி டப்பாவுக்குப் போய்விடும். அவள் வாய் திறப்பதற்குள் இவர் வாய் நிறைந்துவிடும். பிறகு அவள் என்ன கேட்டாலும் விரலால் வாயைச் சுட்டிக்காட்டி, ஊசி இருக்கிறதம்மா, என்ன செய்வது என்று கண்ணாலேயே ஒரு பாவம் காட்டுவார். மிஞ்சிப் போனால் ஒரு "ம்".

அந்த "ம்"களை அவள் படித்து வைத்திருந்தாள். மூக்கிலிருந்து வந்தால் 'அப்புறம் பார்க்கலாம்'. தொண்டையிலிருந்து வந்தால் 'முடியாது'. இழுத்துச் சொன்னால் நீ சொல்வது சரிதான், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று பொருள். பசிக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று, அவளுடைய அண்ணன் வருகிறான் என்று தெரிந்தால் ஒன்று. மெஷின் விஷயத்துக்கு எப்போதும் மூக்கிலிருந்துதான் வந்தது.

ஊசியை வாயில் வைக்காமல் இருக்க அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். தக்காளி மாதிரி ஒரு பஞ்சு மெத்தை வாங்கி வந்தாள், குத்தி வைக்க. மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற மாதிரி ஒன்று. காந்தத் தட்டு ஒன்று. காந்தத் தட்டில் மாஸ்டர் கடைச் சாவியை வைத்தார். மணிக்கட்டில் கட்ட வேண்டியது பொம்மையின் மணிக்கட்டுக்குப் போயிற்று. "என்னிக்காவது ஒரு நாள் உள்ள போகத்தான் போகுது" என்று அவள் சொன்னபோது மட்டும் மாஸ்டர் ஊசிகளைக் கையில் எடுத்துவிட்டு வாய் நிறையப் பதில் சொன்னார்.

"என் வாயைவிடப் பத்திரமான இடம் இந்த உலகத்துலயே கிடையாது. ஒரு ஊசி, ஒரே ஒரு ஊசி, உள்ள போனதா சரித்திரம் உண்டா?"

சரித்திரம் அவர் வாய்க்குள் எழுதப்படுவதால் அவள் சரிபார்க்க முடியாது. ஆனால் அன்று முதல் அவள் மனதில் ஒரு பெரிய பேச்சு தயாராகிவிட்டது. என்றாவது ஒரு நாள் அந்த ஊசி உள்ளே போகும், அன்றைக்குப் பேசுவதற்கென்று. காஜா எடுக்கும்போதெல்லாம் அதில் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டே வந்தாள்.

*

அன்றைக்கு வக்கீல் டிரையல் பார்க்க வந்திருந்தார். கறுப்புக் கோட்டு. மத்தியானம் அவருக்குக் கோர்ட்டில் வேலை, அதற்குள் அளவு பார்த்துக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று அவசரம். மாஸ்டர் கோட்டின் இடது கையைத் தோளோடு சேர்த்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தார். வக்கீலுக்கு வியர்த்தது. "ரெண்டு ஜூஸ் சொல்லுங்க" என்றார்.

அடுத்த கடை ஜூஸ் கடை. பிழிந்துபோட்ட ஆரஞ்சுத் தோல் வாசலில் மலையாகக் கிடக்கும், அதைச் சுற்றித் தேனீக்கள். ஜூஸ்காரருக்கு வேறு எந்த வாடிக்கையாளரும் அப்படி விசுவாசமாக வந்ததில்லை. இரண்டு டம்ளரைக் கொண்டுவந்து வெட்டுமேஜையில் வைத்துவிட்டுப் போனார். மூடி என்கிற பேச்சே அவர் கடையில் கிடையாது. வக்கீல் ஒரே மூச்சில் குடித்தார். மாஸ்டர், தோள் வேலை முடியட்டும் என்று தன் டம்ளரை விட்டுவைத்தார். பின்னாலேயே வந்த ஒரு தேனீ அந்த டம்ளருக்குள் இறங்கியது.

மாஸ்டர் கண்ணை வக்கீலின் தோளிலிருந்து எடுக்காமல் கையை மட்டும் நீட்டி டம்ளரை எடுத்தார். ஊசிகளை இடது கன்னத்துக்கு ஒதுக்கினார். வலது ஓரமாக உறிஞ்சினார்.

கொட்டியது தேனீ. நாக்கின் பின்பக்கம், வலது ஓரத்தில். இது நமக்குத் தெரிகிறது. வேறு யாராயிருந்தாலும் அவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் வாய் நிறையக் குண்டூசி வைத்துக்கொண்டு குடித்த ஒரு மனிதனுக்கு வாய்க்குள் சுருக்கென்று குத்தினால் அவன் என்ன நினைப்பான்? மாஸ்டர் தேனீயை நினைக்கவே இல்லை. இடது பக்கத்து ஊசி வலது பக்கத்துக்கு எப்படி வந்தது என்றும் நினைக்கவில்லை. சரித்திரம் மாறிவிட்டது என்பது மட்டும்தான் அவருக்குத் தோன்றியது.

ஜூஸையும் ஊசிகளையும் சேர்த்துத் துப்பினார். பாதி உள்ளங்கையில் விழுந்தது, பாதி வக்கீலின் வெள்ளைச் சட்டையில். கையிலிருந்த ஊசிகளை வெறித்துப் பார்த்தார். எத்தனை வைத்தோம்? அவருக்குத் தெரியாது. எண்ணிப் பார்த்து வைக்கிறவன் தொழில் தெரியாதவன் என்பது அவர் கட்சி. ஒன்று குறைகிறது என்று முடிவு கட்டினார்.

"என்ன மாஸ்டர், என்ன ஆச்சு?" என்றார் வக்கீல்.

மாஸ்டர் கையால் வக்கீலை அடக்கிவிட்டுப் பின்னறைப் பக்கம் காதைக் கொடுத்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாடா என்றிருந்தது. உள்ளே போனது ஊசியோ ஈட்டியோ, அவளுக்குத் தெரியாமல் இருக்கும் வரை பிழைத்துக்கொள்ளலாம்.

காலி டம்ளரை எடுக்க வந்த ஜூஸ்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். மேஜையில் ஊசி. மாஸ்டரின் கை கன்னத்தில். கீழே, துண்டுத்துணிகளுக்கு நடுவில், நனைந்து மல்லாந்து காலை உதைத்துக்கொண்டிருந்த ஒரு தேனீ. அவர் கண்ணில் எல்லாமே பட்டன. சாவகாசமாக இரண்டு எட்டு வைத்து, செருப்பைத் தேனீயின் மேல் வைத்து நின்றுகொண்டார்.

"ஐயையோ, ஊசி உள்ள போயிடுச்சா மாஸ்டர்?" என்றார். அந்தக் குரலில் இருந்த பதற்றத்தைப் பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தேனீ கொட்டி ஒருவரும் போய்விட மாட்டார்கள், ஆனால் ஜூஸில் தேனீ என்று தெரு முழுக்கத் தெரிந்தால் கடை போய்விடும் என்று கணக்குப் போட்டார். அவ்வளவுதான். நம்மில் பாதிப் பேர் அதே கணக்கைத்தான் போட்டிருப்போம்.

"கவலையே படாதீங்க. வாழைப்பழம்! ஊசியைச் சுத்திப் போர்த்திக்கிட்டுப் போய்ச் சேர்த்துடும்" என்று தன் கடையிலிருந்து ஒரு சீப்பையே கொண்டுவந்தார்.

அவர் பழத்தை எடுத்துவந்த மேஜைக்குக் கீழேயே ஒரு பெட்டி நிறைய ஐஸ் இருந்தது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

முதல் பழம் இறங்கிவிட்டது. இரண்டாவது பழத்தைப் பாதியில் நிறுத்தி நிறுத்தி விழுங்க வேண்டியிருந்தது. நாக்கு தன்னுடையது இல்லை போல, யாரோ வாய்க்குள் ஒரு தோள்பட்டைப் பஞ்சை வைத்துத் தைத்துவிட்டது போலக் கனத்தது. மூன்றாவது பழம் தொண்டைக்கு வந்து நின்றது. போகவும் இல்லை, வரவும் இல்லை. கடைசியில் துப்ப வேண்டியதாயிற்று.

"ஊசி குறுக்க மாட்டியிருக்கு. அதான் வழி அடைக்குது. இன்னொண்ணு சாப்பிடுங்க" என்றார் ஜூஸ்காரர்.

"இருங்க, இருங்க" என்று வக்கீல் குறுக்கிட்டார். "உள்ள போறப்ப குத்திச்சா, இல்ல உள்ள போயிட்டுக் குத்திச்சா? ரெண்டும் வேற வேற."

நல்ல கேள்வி. அதற்கு மேல் நாலு கேள்வி கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே வெளியே வந்திருக்கும். ஆனால் வக்கீலுக்குக் கடிகாரம் கண்ணில் பட்டது. "சரி, இந்த ஒரு கையை மட்டும் முடிச்சுடுங்களேன்" என்றார்.

மாஸ்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வெளியே வந்த சத்தம் அவருக்கே புதிதாக இருந்தது. கரகரவென்று, அடைத்துக்கொண்டு, தூரத்திலிருந்து யாரோ பேசுகிற மாதிரி.

பின்னறையில் மெஷின் நின்றது.

*

அவள் வாசல்படியில் வந்து நின்றாள். மேஜை மேல் ஈர ஊசிகள். வாழைப்பழத் தோல். ஒரு கை மட்டும் ஊசியால் கோத்த கோட்டுக்குள் வக்கீல். எல்லாவற்றுக்கும் நடுவில் பட்டப்பகலில் காலி வாயோடு தன் கணவர். கல்யாணமான நாளிலிருந்து கடைக்குள் அவள் ஒரு தடவைக்கு மேல் காணாத காட்சி.

"ஊசி எங்க?"

மாஸ்டர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"முழுங்கிட்டீங்களா?"

இல்லை என்று ஆட்டினார். மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"முழுங்கிட்டார்ம்மா. என் கண்ணு முன்னாடி" என்றார் வக்கீல்.

"நானும்தான் பாத்தேன் அக்கா" என்றார் ஜூஸ்காரர், செருப்பை எடுக்காமல்.

அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். அந்தப் பெரிய பேச்சின் முதல் வரி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இத்தனை வருடம் காத்திருந்தவளுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. கேட்க இரண்டு பேர் வேறு. அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். மேலுதடு தடித்து மூக்கைத் தொட வந்துகொண்டிருந்தது. கழுத்தில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. வாயோரம் எச்சில் வழிந்தது, அதை விழுங்க முடியாமல் கையால் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் அவள் இதுவரை பார்த்திராத ஒரு பயம்.

அந்தப் பேச்சை அவள் பேசவில்லை. "கார் எடுங்க சார்" என்றாள் வக்கீலிடம்.

"இந்தக் கோட்டைக் கழட்டிட்டு..."

"கழட்ட நேரமில்ல."

பின் சீட்டில் படுக்க வைக்கச் சொன்னது ஜூஸ்காரர். அவர் சொன்ன எதுவும் அன்றைக்குச் சரியாக வரவில்லை. படுத்த மாத்திரத்தில் மூச்சு நின்றது. மாஸ்டர் கையைக் காலை உதைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். முன்பக்கம் குனிந்தால்தான் கொஞ்சம் காற்று போனது. அவள் அவர் நெற்றியைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள். வக்கீல் இடது கையை மடக்க முடியாமல் நீட்டியபடியே வண்டியை ஓட்டினார். ஒவ்வொரு திருப்பத்திலும் மாஸ்டரின் வேலைப்பாடு அவர் விலாவில் இறங்கியது. "அம்மா!" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கத்தினார். ஹாரன் அடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

"என்னங்க, எங்க வலிக்குது? நெஞ்சுலயா, தொண்டையிலயா?"

"ம்."

"தண்ணி வேணுமா?"

"...ம்."

அது தொண்டையிலிருந்து வந்தது. வேண்டாம். அவளுக்குப் புரிந்தது. அடுத்த கேள்விக்கு உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அதற்கடுத்த கேள்விக்கு உதடும் அசையவில்லை. காற்று உள்ளே போகும்போது கிழிந்த துருத்தி மாதிரி ஒரு ஓசை மட்டும் கேட்டது.

அந்த "ம்" மேல் அவளுக்கு எத்தனை கோபம் இருந்தது! அதைக் கேட்டுக் கேட்டு எத்தனை நாள் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கிறாள். இப்போது அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ம்-னாவது சொல்லுங்க. உங்களைக் கும்பிடறேன். நான் வேற எதுவுமே கேக்க மாட்டேன். மெஷினைப் பத்திக்கூட கேக்க மாட்டேன். ஒரே ஒரு ம் சொல்லுங்க."

மாஸ்டருக்குக் கேட்டது. சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக அவளுக்கு முழுசாக, நீளமாக, ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று உயிரே துடித்தது. அதற்கான காற்றுதான் இல்லை.

*

ஆஸ்பத்திரியில் முன் மேஜையில் இருந்தவர் தலை நிமிராமல் "என்ன கேஸ்?" என்றார்.

"குண்டூசி முழுங்கிட்டார்" என்றார் வக்கீல்.

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. குண்டூசி என்றால் எக்ஸ்ரே. எக்ஸ்ரே என்றால் வராந்தாக் கடைசி அறை. யாரும் மாஸ்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. ஊசி விழுங்கியவரின் முகத்தில் பார்க்க என்ன இருக்கிறது? சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். எக்ஸ்ரேக்காரர் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார். இழுக்க முடிந்திருந்தால் அவர் ஏன் அங்கே வருகிறார்?

கொஞ்ச நேரத்தில் எக்ஸ்ரேக்காரர் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார். "இருக்கு! அழகா இருக்கு, பாருங்க!"

இருந்தது. விலா எலும்புகளுக்கெல்லாம் கீழே, வயிற்றின் வலது பக்கத்து அடியில், வெள்ளை வெளேரென்று, தலையும் வாலுமாக ஒரு குண்டூசி.

வக்கீல் பெருமூச்சு விட்டார். "கையும் களவுமாப் பிடிச்சாச்சு." மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குத் தோற்றுப்போன களைப்பு. அவள் மட்டும் படத்தைப் பார்க்கவில்லை. அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்துக்குத்தான் டியூட்டி டாக்டரம்மா வந்தாள். சின்ன வயது. கையில் பாதி கடித்த பிஸ்கட். படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எப்ப முழுங்கினார்?"

"இப்பதான். அரை மணி நேரம்கூட இருக்காது" என்றார் வக்கீல்.

"அரை மணிக்குள்ள இங்க இறங்கிடுச்சா? குண்டூசி என்ன லிஃப்ட்லயா போச்சு?" படத்தைத் தாழ்த்தினாள். "சரி, ஊசி கீழ இருக்கு. அப்ப மேல என்ன சத்தம்?"

அப்போதுதான் மாஸ்டரைப் பார்த்தாள். பிஸ்கட் கீழே விழுந்தது. உதடு, கழுத்துத் தடிப்பு, அந்தத் துருத்தி ஓசை எல்லாவற்றையும் ஒரே பார்வையில் எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு அந்த வராந்தாவில் யாரும் நடக்கவில்லை. எல்லோரும் ஓடினார்கள்.

முதல் ஊசி தொடையில் இறங்கியது, பேண்ட்டின் மேலேயே. அது மாஸ்டர் தன் கையால் தனக்கென்று தைத்த பேண்ட். உயிர் போகிற அந்த நேரத்திலும் அவர் கை தையலை மறைக்கப் போனது என்று வக்கீல் பிற்பாடு பலரிடம் சொன்னார். மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்து ஆக்சிஜன் மாட்டினார்கள். கையில் டிரிப்ஸ் ஏறியது, அதற்குள் இன்னும் இரண்டு மருந்து போயிற்று. படுக்கவைக்காமல் தலைப்பக்கத்தை உயர்த்தி உட்காரவைத்தார்கள். தொண்டையில் குழாய் போட வேண்டி வந்தால் போட, அதற்கான தட்டும் பக்கத்தில் வந்து நின்றது. அந்தத் தட்டைப் பார்த்ததும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

தட்டுக்கு வேலை வரவில்லை. மெல்ல மெல்ல அந்த ஓசை தணிந்தது. டாக்டரம்மா மாஸ்டரின் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, டார்ச் அடித்து, பின்பக்கத்து ஓரத்தில் எதையோ மெதுவாகச் சுரண்டி எடுத்தாள். பஞ்சில் வைத்துக் காட்டினாள். குண்டூசித் தலையில் பாதிகூட இல்லாத ஒரு கறுப்பு முள்.

"தேனீக் கொடுக்கு. என்ன குடிச்சார்?"

"ஜூஸ்" என்றார் வக்கீல். சொன்ன கையோடு, இன்னும் மடங்காத இடது கையை நீட்டிக்கொண்டே, வலது கையால் ஜூஸ்காரருக்குப் போன் போட்டார். "உங்க ஜூஸ்ல தேனீ இருந்துச்சா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மிக்ஸி ஓடும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "சின்னதுதான் சார்" என்றார் ஜூஸ்காரர்.

வக்கீல் அதற்கு மேல் பேசியதை இங்கே எழுத முடியாது. கோர்ட்டில் அவர் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை என்று மட்டும் சொல்லலாம்.

டாக்டரம்மா அவளிடம் வந்தாள். "அம்மா, கையில கொட்டினா கை வீங்கும், ரெண்டு நாள் வலிக்கும், போயிடும். வாய்க்குள்ள கொட்டினா அப்படி இல்ல. வீங்கற இடமும் மூச்சு போற இடமும் ஒண்ணு. உடனே ஐஸைச் சப்பக் குடுத்து, நிமிர்ந்து உக்கார வச்சு, நேரா இங்க கூட்டிட்டு வந்துடணும். எதையும் தின்னக் குடுக்கக் கூடாது. இவருக்குத் தேனீ ஒத்துக்காது போல. உடம்பெல்லாம் தடிச்சிருக்கு பாருங்க. நாளைக்கு வரைக்கும் இங்கயே இருக்கட்டும், மறுபடி வீங்கினாலும் வீங்கும். ஆமா, ஏதாவது சாப்பிட்டாரா?"

"வாழைப்பழம்" என்றாள் அவள்.

டாக்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அப்ப இந்த ஊசி?" என்று அவள் படத்தைக் காட்டினாள்.

"இது பழசும்மா. பல வருஷமா அங்கயே தங்கியிருக்கும். எப்ப போச்சோ, அவருக்கே தெரிஞ்சிருக்காது. நாளைக்குப் பெரிய டாக்டர் பார்த்து, எடுக்கணுமா விடணுமான்னு சொல்லுவார்."

அவள் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்தச் சண்டையில போச்சுன்னு தெரியலையே" என்றாள்.

*

சாயங்காலம். வார்டு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக வந்து மாஸ்டரின் கட்டிலில் விழுந்தது. உதடு பாதி வடிந்திருந்தது. ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். ஒரு வெங்காயத்தை முழுசாக வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற குரல்தான், ஆனாலும் குரல். ஜூஸ்காரர் வந்து, வாசலிலேயே நின்று, ஒரு பையை வைத்துவிட்டு ஓடிவிட்டார். பையில் வாழைப்பழம் இருந்தது. கடையில் எல்லா டம்ளருக்கும் மூடி போட்டாயிற்று என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வக்கீலின் கோட்டை இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து ஒவ்வொரு ஊசியாகப் பிடுங்கிக் கழற்றினார்கள். விலாவுக்கு மருந்து போட்டுக்கொண்டு அவரும் போயாயிற்று.

தேனீ என்று தெரிந்ததிலிருந்து, அப்படியானால் அந்த எக்ஸ்ரே வேறு யாருடையதோ என்று மாஸ்டருக்கு உள்ளுக்குள் குறுகுறுத்துக்கொண்டிருந்தது. குரல் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் சொன்னார்.

"பாத்தியா? தேனீ! ஊசி இல்ல. ஒரு ஊசி உள்ள போனதா சரித்திரம்..."

அவள் எக்ஸ்ரே படத்தை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். மாஸ்டர் பார்த்தார். அவர் தொழிலில் குண்டூசியை அடையாளம் தெரியாமல் போக வழியில்லை. அது அவர் வழக்கமாக வாங்குகிற உருண்டைத் தலை ரகம்தான்.

அவர் கை தன்னாலே ஊசி டப்பாவைத் தேடிப் போனது. கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் மாத்திரையும் தண்ணீரும்தான் இருந்தன. விரல்கள் காலியாக வாயோரம் வந்து, அங்கே செருக எதுவும் இல்லாமல், கொஞ்ச நேரம் அப்படியே நின்றன.

அவள் பேசினால் தாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தார். அவள் அந்தப் பேச்சைப் பேசவில்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெயில் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பல்பு வெளிச்சத்திலேயே பார்த்துப் பழகிய முகம். வெயிலில் பார்த்தபோது, கண்ணைச் சுற்றி இத்தனை சுருக்கம் எப்போது விழுந்தது என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை.

"கார்ல நீ கேட்டதெல்லாம் எனக்குக் கேட்டுச்சு" என்றார். "ஒண்ணுகூடச் சொல்ல முடியல. அப்படியே போயிடுவேனோன்னு பயந்துட்டேன். ஊசிக்குப் பயப்படல. உனக்கு ஒரு பதில்கூடச் சொல்லாமப் போறேனேன்னுதான்."

இவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. வாய் வலித்தது. நிறுத்திவிட்டு, எச்சில் விழுங்கி, மறுபடி ஆரம்பித்தார்.

"அந்தப் பொம்மையை உள்ள போட்டுடலாம். உன் மெஷின் ஜன்னல்கிட்ட இருக்கட்டும். நாளைக்கே. நாளைக்கு இங்கேருந்து விடலன்னா மறுநாள். தேதி சொல்றேன் பாரு, நானே."

அவள் திரும்பவில்லை. தொண்டையை ஒரு தடவை செருமினாள்.

"ம்" என்றாள்.

மாஸ்டர் காத்திருந்தார். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. அது சரி என்கிற "ம்"மா, பார்க்கலாம் என்கிற "ம்"மா, அழுகையை அடக்குகிற "ம்"மா, அவருக்கு விளங்கவில்லை. அவருடையதையெல்லாம் அவள் படித்து வைத்திருந்தாள். அவளுடையதில் ஒன்றைக்கூட அவர் இதுவரை கேட்டதே இல்லை.

"அப்படின்னா என்னம்மா?" என்று கேட்டுவிட்டு, வலிக்கிற வாயை மூடிக்கொண்டு, அவள் சொல்வதற்காகக் காத்திருந்தார்.